திரும்பி வந்த ஒருவன்: பிள்ளைகளுக்கு நன்றியறிதலைப் பழக்க ஒரு வழிகாட்டி

என் மூத்த மகனுக்கு ஏழு வயது நிறைந்த அன்று, அவனுடைய அத்தை தூத்துக்குடியிலிருந்து பஸ் ஏறி வந்து ஒரு வண்ணப் பென்சில் பெட்டியை அவன் கையில் கொடுத்தார். அவன் காகிதத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு, “இது என்கிட்ட ஏற்கெனவே இருக்கே” என்று திருப்பி நீட்டினான். நான் அவன் தோளை அழுத்திப் பிடித்து, “அத்தைக்குத் தேங்ஸ் சொல்லு” என்றேன். சொன்னான். அந்தத் ‘தேங்ஸ்’ என் பிடிக்குப் பயந்து வந்தது என்பது அங்கிருந்த மூவருக்கும் தெரிந்தது.

அதன்பின் இரண்டு ஆண்டுகளில் நான் செய்த முயற்சிகளில் பாதிக்கு மேல் வீணாயின. நன்றி சொன்னால் நட்சத்திர ஒட்டி என்றேன். ஒட்டி தீர்ந்த அன்றே நன்றியும் தீர்ந்தது. கடையில் விற்ற அச்சிட்ட நன்றிக் குறிப்பேட்டை 400 ரூபாய் கொடுத்து வாங்கினேன். பதினோரு பக்கங்களுக்கு மேல் அது நகரவில்லை. எங்கள் வீட்டில் இன்றுவரை நிலைத்திருப்பவற்றை மட்டும், ஆகும் செலவையும் காலத்தையும் குறிப்பிட்டு, இங்கே எழுதுகிறேன். நாங்கள் பாளையங்கோட்டையில் வசிக்கும் தென்னிந்தியத் திருச்சபைக் குடும்பம் என்பதால் சேகரம் (ஒரு போதகரின் பொறுப்பிலுள்ள சபைகள்), ஸ்தோத்திரப் பண்டிகை (அறுவடைக்கு நன்றி சொல்லும் விழா), பிறந்தநாள் காணிக்கை என்று எங்கள் வழக்கச் சொற்களே வரும்; பிற சபையினர் தங்கள் வழக்கத்துக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

1. முதலில் சொல்லின் பொருளைப் புரிய வையுங்கள்

நம் வீட்டுப் பிள்ளைகள் ‘ஸ்தோத்திரம்’ என்ற சொல்லை நாளைக்குப் பத்துத் தடவையாவது கேட்கிறார்கள். ஆலய வாசலில் பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்க்கும்போது ஸ்தோத்திரம். ஜெபத்தில் மூச்சு வாங்கும் இடத்தில் ஸ்தோத்திரம். தொலைபேசியை வைக்கும்போதும் அதுவே. என் மகளிடம் அவளுக்கு ஐந்து வயதாக இருந்தபோது அதன் பொருளைக் கேட்டேன். “வணக்கம்” என்றாள். தவறு அவளுடையது என்று சொல்ல முடியாது. அவள் கண்ட இடங்களில் அது வணக்கமாகத்தான் பயன்பட்டது.

எனவே வேதாகமத்தை வாசிக்கும்போது, ஸ்தோத்திரம் என்று வரும் இடங்களில் பலவற்றிலும் அது துதியோடு சேர்ந்த நன்றி என்பதைப் பிள்ளைக்குப் புரியும் பேச்சுத் தமிழில் ஒருமுறை சொல்லிவிடுங்கள். இன்னொரு சிக்கலும் உண்டு. தமிழ் வீடுகளுக்குள் யாரும் யாருக்கும் நன்றி என்று வாய்விட்டுச் சொல்வதில்லை. அம்மாவிடம் போய், “நன்றி அம்மா” என்றால் மேடைப் பேச்சுப் போல இருக்கும், கேட்கிற அம்மாவும், “என்னடா ஆச்சு உனக்கு?” என்பார். செய்ந்நன்றி அறிதல் அதிகாரத்தைப் பள்ளியில் மனப்பாடம் செய்து முழு மதிப்பெண் வாங்கும் பிள்ளைகூட வீட்டில் அந்தச் சொல்லை எடுப்பதில்லை. இதில் பிள்ளையோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். “ஆச்சி, இன்னிக்குப் புளிக்குழம்பு நல்லா இருந்துச்சு, எனக்காகத்தானே காரம் கொறச்சீங்க?” என்று கேட்கப் பழக்குங்கள். என்ன செய்தார்கள், யாருக்காகச் செய்தார்கள் என்ற இரண்டும் அதில் இருக்கின்றன. நன்றி என்ற சொல் இல்லாவிட்டாலும் குறையில்லை.

2. தேவையானவையும் செலவும்

மிகக் கொஞ்சமே தேவை. கோடு போடாத 100 பக்க நோட்டு ஒன்று. எனக்கு 60 ரூபாய் ஆயிற்று. மூடியுள்ள காலி ஊறுகாய் பாட்டில் ஒன்று, பிள்ளையின் காணிக்கைப் பணத்தைச் சேர்க்க. வீட்டில் ஏற்கெனவே இருக்கும் வேதாகமம். மொத்தம் 100 ரூபாய்க்குள் முடிந்துவிடும். ஆளுக்கொரு நோட்டு வாங்காதீர்கள். குடும்பத்துக்கு ஒன்றே போதும். தனித்தனி நோட்டு கொடுத்தபோது என் இரண்டு பிள்ளைகளும் யாருடைய பட்டியல் நீளம் என்று போட்டி போட்டு, “தண்ணீருக்காக, தட்டுக்காக, தட்டில் இருக்கும் பூவுக்காக” என்று பக்கத்தை நிரப்பினார்கள்.

வயதையும் கணக்கில் எடுங்கள். நான்கு வயதுக்குக் கீழ் நோட்டு, பாட்டில் எதுவும் வேண்டாம். நீங்கள் நன்றி சொல்வதைப் பிள்ளை கேட்டால் போதும். ஐந்திலிருந்து எட்டு வயது வரை பிள்ளை சொல்ல நீங்கள் எழுதுங்கள். ஒன்பதுக்கு மேல் அவர்களே எழுதட்டும். பதின்மூன்றுக்கு மேற்பட்ட பிள்ளையோடு இதைப் புதிதாகத் தொடங்குகிறவர்கள் நோட்டை விட்டுவிட்டு நான்காவது படியிலிருந்து தொடங்குவது நல்லது. அந்த வயதில் நோட்டைக் கொடுத்தால் வீட்டுப்பாடம் என்றே எடுத்துக்கொள்வார்கள்.

3. குடும்ப ஜெபத்தில் ஐந்து நிமிடம்

நேரம்தான் இங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. இரவு ஒன்பதரை மணிக்கு, கண் சொக்கும் பிள்ளையை எழுப்பி உட்கார வைத்து, “இன்னிக்கு எதுக்காக ஸ்தோத்திரம் சொல்லுவ?” என்று கேட்டால் வரும் பதில், “அம்மாவுக்காக ஸ்தோத்திரம் அப்பாவுக்காக ஸ்தோத்திரம் ஆமென்” என்ற ஒரே மூச்சுதான். நாங்கள் இரவு உணவுக்கு முன்பாக, ஏழரை மணிக்கு மாற்றிய பிறகே பேச்சு வந்தது. உபாகமம் 8:10 புசித்துத் திருப்தியடைந்த பின் ஸ்தோத்திரிக்கச் சொல்கிறது என்று என் மாமனார் எடுத்துக் காட்டினார். சாப்பிட்டு முடிந்ததும் பிள்ளைகளை உட்கார வைக்கும் வரம் அவருக்கு இருந்தது, எனக்கு இல்லை.

முறை எளிது. ஒவ்வொருவரும் அன்று நடந்த ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். அதில் ஒரு ஆள் இருக்க வேண்டும், அவர் செய்த ஒரு செயல் இருக்க வேண்டும், ‘எல்லாவற்றிற்காகவும்’ என்ற சொல் இருக்கக் கூடாது. “நல்ல நாளுக்காக” என்று பிள்ளை சொன்னால், “எந்த நேரம் நல்லா இருந்துச்சு?” என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள், இரண்டாவது கேள்வி விசாரணையாகிவிடும். சங்கீதம் 103-இன் இரண்டாம் வசனம், “அவர் செய்த சகல உபகாரங்களையும் மறவாதே” என்று தன் ஆத்துமாவுக்குத்தான் சொல்கிறது. நன்றி மறவாமையில் பிறக்கிறது. குறிப்பான ஒன்றாக இருந்தால்தான் அது நினைவில் தங்கும்.

பெரியவர்கள் முதலில் சொல்ல வேண்டும் என்பதை வலியுறுத்துகிறேன். என் கணவர் முதல் வாரம் முழுவதும், “நல்ல சுகத்துக்காக” என்றே சொல்லிக்கொண்டிருந்தார். பிள்ளைகளும் அதையே சொன்னார்கள். எட்டாம் நாள், “வண்டி பஞ்சரானப்ப வேர்க்கடலை விக்கிற அண்ணாச்சி தள்ளிக்கிட்டு வந்தாரு” என்றார். அதற்கு மறுநாளிலிருந்து பிள்ளைகளின் பேச்சும் மாறியது. பழக்கம் படிய எங்களுக்கு ஏறத்தாழ ஆறு வாரங்கள் ஆயின. இடையில் பரீட்சை, காய்ச்சல், ஊர்ப் பயணம் என்று விடுபடும் நாட்களை ஈடுகட்ட முயலாதீர்கள். விட்ட இடத்தை விட்டுவிட்டு அன்றிலிருந்து தொடருங்கள்.

4. பத்துக் குஷ்டரோகிகளின் கதையும் திரும்பிப் போகும் பழக்கமும்

ஆசாரியர்களிடம், அதாவது குருக்களிடம், உடலைக் காட்டும்படி இயேசு அனுப்ப, போகும் வழியில் சுகமான பத்துக் குஷ்டரோகிகளில் ஒருவன் மட்டும் நன்றி சொல்லத் திரும்பி வந்த கதை லூக்கா 17-ஆம் அதிகாரத்தில் 11 முதல் 19 வரை உள்ளது. இந்தப் பகுதியை ஓய்வுநாள் பள்ளியில் எல்லாப் பிள்ளைகளும் கேட்டிருப்பார்கள். பெரும்பாலும், “ஒன்பது பேர் கெட்டவர்கள், ஒருவன் நல்லவன், நீ அந்த ஒருவனாக இரு” என்று முடித்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் சொன்னேன். மகன் கேட்டான்: “ஆசாரியர்கிட்டப் போங்கன்னு இயேசுதானே சொன்னாரு? அவங்க ஒன்பது பேரும் சொன்னதைத்தானே செஞ்சாங்க?”

எனக்கு உடனே பதில் வரவில்லை. அவன் கேட்டது நியாயம். லேவியராகமம் 14-ஆம் அதிகாரத்தின்படி, குஷ்டம் நீங்கியவன் ஆசாரியனிடம் காட்டினால்தான் பாளயத்துக்குள் திரும்ப முடியும். ஒன்பது பேரும் கட்டளைக்குக் கீழ்ப்படிந்தவர்கள். வீட்டுக்குப் போகும் அவசரம் இருந்தவர்கள். எத்தனை காலம் பிள்ளைகளைத் தொடாமல் இருந்தார்களோ! ஒருவன் மட்டும் நடு வழியில் தான் சுகமானதைக் கண்டு, போகிற வேலையை நிறுத்திவிட்டு, வந்த வழியே திரும்பினான். அவனோ யூதர்கள் ஒதுக்கிவைத்த சமாரியன். கீழ்ப்படிவது ஒன்று, திரும்பி வருவது வேறொன்று என்று இரண்டு நாள் கழித்து மகனிடம் சொன்னேன். “அப்ப அவனுக்கு ரெண்டு தடவை நடை” என்றான். அந்த இரண்டாவது நடையைத்தான் நாங்கள் மாதம் ஒருமுறை செய்துபார்க்க முடிவு செய்தோம்.

செய்ய வேண்டியது இது. மாதத்தில் ஒரு சனிக்கிழமையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு நல்லது செய்த, ஆனால் யாரும் திரும்பிப் போய்ப் பார்க்காத ஒருவரைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். தொலைபேசியில் சொல்வதும் குரல் பதிவு அனுப்புவதும் கணக்கில் சேராது. நேரில் போக வேண்டும். பரிசு எதுவும் எடுத்துச் செல்லாதீர்கள், குறைந்தது முதல் மூன்று மாதங்களுக்காவது. பொருள் கைமாறினால் கடன் தீர்ந்தது போலாகிவிடும். ஆகும் நேரம் ஒரு மணி. செலவு பஸ் கட்டணம்.

மகன் முதலில் தேர்ந்தெடுத்தது அவன் எல்கேஜி படித்த பள்ளியின் ஆயாவை. அவன் வகுப்பில் வாந்தியெடுத்த ஒரு நாளில், நான் வந்து சேரும்வரை ஒன்றரை மணி நேரம், அவன் சட்டையைக் கழற்றி அலசிக் காயப்போட்டு, தன் சேலைத் தலைப்பால் அவனைப் போர்த்தி வைத்திருந்தவர் அவர். நாங்கள் போனபோது பள்ளி வாசலில் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்து வெற்றிலைக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். மகன் தயார்செய்து வைத்திருந்ததைச் சொன்னான். அவருக்கு அவனை அடையாளம் தெரியவில்லை. “எந்தப் புள்ள? எத்தனையோ புள்ளைய வாந்தியெடுக்குமே” என்றார். பிறகு அவன் முகவாயைத் தொட்டு, “இதுக்காடே இவ்வளவு தூரம் வந்த?” என்று கேட்டுவிட்டு, கிள்ளிய காம்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு சிறிது நேரம் பேசாமல் இருந்தார். வீடு திரும்பும்போது மகன், “அவங்களுக்கு ஞாபகமே இல்லம்மா” என்று குறைப்பட்டான். அவர்களுக்கு நினைவில்லாததை நாம் நினைவில் வைத்திருப்பதால்தான் போனோம் என்று சொன்னேன். அன்றிரவு நோட்டில் அவனே எழுதினான். ‘ஆயா’ என்பதற்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தான்.

இந்தப் படியில் ஒரு எச்சரிக்கை உண்டு. சிலர் சங்கடப்படுவார்கள்; சிலர் பணம் கேட்க வந்தார்களோ என்றுகூட முதலில் நினைப்பார்கள். வேலை நேரத்தில் போகாதீர்கள். வீட்டுக்குப் போவதானால் முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள். பிள்ளை வெட்கப்பட்டு வாய் திறக்காவிட்டால், “சொல்லு, சொல்லு” என்று முதுகில் தட்டாமல் நீங்களே சொல்லிவிட்டுத் திரும்பிவிடுங்கள்.

5. ஒப்பிட்டு நன்றி சொல்ல வைக்காதீர்கள்

நான் செய்த தவறுகளிலேயே பெரியது இதுதான். தட்டில் சோறு மிஞ்சும்போது, “சோறில்லாம எத்தனை பிள்ளைங்க இருக்காங்க தெரியுமா?” என்பது எல்லா வீட்டிலும் ஒலிக்கும் வசனம். என் மகள் ஒருநாள் ஜெபத்தில், “பஸ் ஸ்டாண்டுல இருக்கிற பிள்ளை மாதிரி எங்களை வைக்காததுக்கு ஸ்தோத்திரம்” என்றாள். நாங்கள் ஆமென் சொன்னோம். படுக்கப் போகும்போதுதான், இதே ஜெபத்தை வேதாகமத்தில் எங்கேயோ படித்திருக்கிறோமே என்று உறுத்தியது. லூக்கா 18:11. “இந்த ஆயக்காரனைப்போலவும் இராததனால்” என்று, வரி வசூலிக்கும் ஆயக்காரனைத் தனக்குக் கீழாக எண்ணி ஸ்தோத்திரம் சொன்ன, யூத மதப் பிரிவினனான பரிசேயனின் ஜெபம் அது. நாங்களே அவளுக்குக் கற்றுக்கொடுத்திருந்தோம்.

இல்லாதவர்களைக் காட்டி வரவழைக்கும் நன்றி, நிம்மதிப் பெருமூச்சுக்கு மேல் எதுவும் இல்லை; அதற்கு எப்போதும் நமக்குக் கீழே ஒருவர் தேவைப்படுகிறார். தட்டில் மிஞ்சும் சோற்றுக்கு வேறு வழி இருக்கிறது. அந்த அரிசி எங்கிருந்து வந்தது, யார் யார் கை பட்டது என்று பிள்ளையோடு சேர்ந்து பின்னோக்கி எண்ணுங்கள்: வடித்த கை, கடைக்காரர், அரவை ஆலை, அறுத்தவர், நாற்று நட்டவர், தாமிரபரணித் தண்ணீர், மழை. கடைசியில் மழையைத் தந்தவர் யார் என்ற கேள்விக்குப் பிள்ளையே வந்து சேரும். கீழே பார்த்துச் சொல்லும் நன்றி இப்படி மேலே பார்க்கத் திரும்பும். ஏழ்மையைப் பற்றிப் பேசவே கூடாது என்று சொல்லவில்லை. அதை நீதியைப் பற்றிய பேச்சாகத் தனியே பேசுங்கள்.

6. காணிக்கை: பிள்ளையின் பணம், பிள்ளையின் முடிவு

காணிக்கைப் பை நம் வரிசைக்கு வரும்போது கைப்பையைத் துழாவி ஒரு பத்து ரூபாய் நோட்டைப் பிள்ளையின் கையில் திணிக்கிறோம். பிள்ளை அதைப் பையில் போடுகிறது. இதில் பிள்ளை கொடுத்தது எதுவும் இல்லை. தபால்காரர் வேலைதான் பார்த்தது. முடிவை சனிக்கிழமை இரவுக்கு நகர்த்துங்கள். ஊறுகாய் பாட்டிலில் இருக்கும் பிள்ளையின் சொந்தப் பணத்திலிருந்து, அந்த வாரத்து நோட்டைப் படித்துப் பார்த்த பின், எவ்வளவு என்று பிள்ளையே எடுத்து வைக்கட்டும். ஒரு ரூபாய் என்றாலும் மறுக்காதீர்கள். “இவ்வளவுதானா?” என்று நீங்கள் கேட்ட அன்றே அது வரியாகிவிடும், 2 கொரிந்தியர் 9:7 விசனமாயும் (வருத்தத்தோடும்) கட்டாயமாயும் கொடுக்க வேண்டாம் என்றே சொல்கிறது.

பிறந்தநாள் காணிக்கைக்குச் சில நடைமுறைகள் உண்டு. எங்கள் ஆலயத்தில் பிறந்தநாள் வரும் வாரத்து ஞாயிறு ஆராதனையில் பிள்ளைகளை முன்னே அழைத்து ஐயர், அதாவது போதகர், ஜெபிப்பார். பெயரை வெள்ளிக்கிழமைக்குள், போதகருக்கு உதவும் உபதேசியாரிடம் கொடுத்துவிட வேண்டும். சனி இரவு சொன்னால் பட்டியலில் விடுபடும். கவரின் மேல் பெயரையும், எதற்கான காணிக்கை என்பதையும் எழுதுங்கள். இல்லையேல் பொதுக் காணிக்கையோடு சேர்ந்துவிடும், ரசீதும் வராது. ரசீதைப் பிள்ளையின் பெயரிலேயே கேட்டு வாங்கி நோட்டில் ஒட்டிவையுங்கள். சில இடங்களில் தொகையோடு பெயரை வாசிப்பார்கள். உங்கள் பிள்ளை பக்கத்து வீட்டுப் பிள்ளையின் தொகையைக் கவனிக்கத் தொடங்கினால், தொகை வேண்டாம், பெயர் மட்டும் போதும் என்று முன்கூட்டியே ஐயரிடம் சொல்லலாம். எங்களுக்கு யாரும் மறுக்கவில்லை.

7. ஸ்தோத்திரப் பண்டிகைக்கு விதை போடுங்கள்

அறுப்பின் ஸ்தோத்திரப் பண்டிகைத் தேதி சேகரத்துக்குச் சேகரம் மாறும். குறைந்தது மூன்று மாதங்களுக்கு முன்பே விசாரித்து வையுங்கள். முந்தின நாள் கடையில் வாங்கிய பூசணிக்காயைப் பிள்ளையின் தலையில் ஏற்றி ஆலயத்துக்கு அனுப்புவது வழக்கம்தான். என்றாலும் பிள்ளை தானே வளர்த்ததைக் கொண்டுபோவதற்கு அது ஈடாகாது. உபாகமம் 26-இல் முதற்பலனைக் கூடையில் வைத்துக் கொண்டுவருபவன், தன் முன்னோர் கதையை வாயால் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. கூடையோடு கதையும் வர வேண்டும்.

மாடியிலோ வாசலிலோ இரண்டு வளர்ப்புப் பைகள் போதும். பை ஒன்று 40 ரூபாய், விதை 20 ரூபாய், தென்னைநார்க் கழிவும் தொழு உரமும் சேர்த்து மொத்தம் 250 ரூபாய்க்குள் முடித்தோம். அரைக்கீரை 25 முதல் 30 நாளில் வரும். பொறுமையில்லாத பிள்ளைக்கு அது ஏற்றது. வெண்டை முதல் பறிப்புக்கு 45 நாளாவது ஆகும். பண்டிகைக்குச் சரியாக அறுவடை வர, பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு பைகளிலும் தனித்தனியே விதையுங்கள். ஒன்றைப் பூச்சி தின்றாலும் மற்றது இருக்கும். இரண்டும் போனால்? எங்களுக்கு முதல் வருடம் அப்படித்தான் ஆயிற்று. மகள் மூன்றே மூன்று வெண்டைக்காயை வாழையிலையில் கட்டிக் கொண்டுபோனாள். கடையில் ஒரு கிலோ வாங்கிச் சேர்த்துவிட என் கை துடித்தது, நல்லவேளையாகச் செய்யவில்லை.

கவனிக்க வேண்டியது, காணிக்கையாக வந்த பொருட்களை ஆலயத்தில் விடும் ஏலம். பிள்ளை கொடுத்த காயை அப்பாவே 500, 1,000 என்று கேட்டுத் திருப்பி எடுத்து வருவது பலருக்கும் பெருமை. பிள்ளையின் கண்ணில், கொடுத்தது வீட்டுக்கே திரும்பிவிட்டது. ஆலயத்துக்குப் பணம் தர வேண்டுமானால் வேறொருவர் கொடுத்த பொருளை ஏலத்தில் எடுங்கள். எங்கள் மூன்று வெண்டைக்காயையும் யாரோ ஒரு தாத்தா 30 ரூபாய்க்கு எடுத்து, அங்கேயே ஒன்றைக் கடித்துச் சாப்பிட்டார். மகள் அதை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

8. பிள்ளைகள் இல்லத்தில் பிறந்தநாள் உணவு: கேட்க வேண்டிய தாள்கள்

பலரும் முதலில் யோசிப்பது இதைத்தான். நான் இதைக் கடைசியில் வைக்கச் சொல்வேன். முந்தைய படிகள் பழகாத பிள்ளைக்கு இது ஐந்தாம் படியில் சொன்ன பொறியாகவே முடியும். நாங்கள் முதல்முறை போன இல்லத்தில், கேக் வெட்டும்வரை அந்தப் பிள்ளைகளைச் சாப்பிட விடாமல் வரிசையில் நிற்க வைத்து என் மகனுக்குப் பாட்டுப் பாட வைத்தார்கள். பசியோடு பாடிய பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து அவன் என் பின்னால் ஒளிந்துகொண்டான்.

போவதானால் இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பே நிர்வாகியிடம் பேசுங்கள். இளஞ்சிறார் நீதிச் சட்டம், 2015-இன் 41-ஆம் பிரிவின்படி பிள்ளைகள் இல்லங்கள் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேட்கத் தயங்காதீர்கள், ஒழுங்காக நடத்துபவர்கள் அதற்கு வருத்தப்படமாட்டார்கள். வெளியே சமைத்த உணவை ஏற்பார்களா, அங்கேயே சமைக்கப் பணம் மட்டும் தர வேண்டுமா, எத்தனை பேர், எந்த வேளை என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பணமாகக் கொடுத்தால் ரசீது வாங்குங்கள். வருமான வரிக் கழிவை எதிர்பார்ப்பவர்கள், பழைய வரிமுறையில் இருந்தாலும், ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் தருவதற்கோ உணவாகத் தருவதற்கோ கழிவு கிடைக்காது என்பதை அறிந்துகொள்ள வேண்டும்.

புகைப்படம் எடுக்காதீர்கள். அதே சட்டத்தின் 74-ஆம் பிரிவு, பராமரிப்பு தேவைப்படும் பிள்ளைகளின் அடையாளத்தையோ படத்தையோ வெளியிடுவதைத் தடைசெய்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வாட்ஸ்அப் நிலைத்தகவலில் பிள்ளைகளோடு படம் போடும் நண்பர்கள் பலருக்கு இது தெரியாது. சட்டத்தை விடுங்கள், வலதுகை செய்வதை இடதுகை அறிய வேண்டாம் என்று மத்தேயு 6-இல் படித்துவிட்டுக் கேமராவுக்குச் சிரித்தால் பிள்ளை எதைக் கற்கும்? கேக்கை வீட்டிலேயே வெட்டிவிட்டு, இல்லத்துக்குப் போய்ப் பிறந்தநாள் என்றே சொல்லாமல், பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒரே பந்தியில் சாப்பிட்டு வருவதே எங்களுடைய இப்போதைய வழக்கம்.

9. துக்கம் வரும் நாட்களில்

பிள்ளைகளின் தாத்தா இறந்த வாரத்தில் ஒரு உறவினர் என் மகளிடம், “தாத்தா பரலோகம் போயிட்டாங்கல்ல, ஸ்தோத்திரம் சொல்லு” என்றார். அவள் வாயை இறுக மூடிக்கொண்டாள். 1 தெசலோனிக்கேயர் 5:18-இல் இருப்பது “எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்” என்பது. எல்லாச் சூழலிலும் என்பதற்கும் எல்லாச் சூழலுக்காகவும் என்பதற்கும் வேறுபாடு இருக்கிறது. எபேசியர் 5:20-இல் “எல்லாவற்றிற்காகவும்” என்றும் உள்ளதே என்று கேட்பார்கள், உண்மைதான். அதை வாழ்நாள் முழுதும் பெரியவர்கள் கற்றுக்கொள்ளட்டும். ஆறு வயதுக் குழந்தையின் கண்ணீரை நிறுத்தும் கருவியாக அதை எடுக்காதீர்கள்.

அந்த நாட்களில் நோட்டை மூடி வைத்துவிட்டுச் சங்கீதம் 13-ஐ வாசித்தோம். “எதுவரைக்கும்” என்று கர்த்தரிடமே கேட்கும் சங்கீதம் அது, ஆறே வசனங்கள். ஏறக்குறைய மூன்று வாரம் கழித்து, கேட்காமலேயே, மகள் சொன்னாள்: “தாத்தா எனக்கு மட்டும் பனங்கிழங்குல நார் உரிச்சுத் தருவாங்க.” எழுதட்டுமா என்றேன். தலையசைத்தாள். அது நன்றியா அழுகையா என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

10. டிசம்பர் 31 மாலை

நடு இரவு ஆராதனைக்குக் கிளம்புவதற்கு முன், மாலை ஆறு மணிக்கு, நோட்டை முதல் பக்கத்திலிருந்து மாறி மாறி வாசியுங்கள். முக்கால் மணி நேரம் ஆகும். யோர்தானைக் கடந்தவர்கள் பன்னிரண்டு கற்களை நிறுத்தியது, பின்னால் பிள்ளைகள் கேட்கும்போது சொல்வதற்காக என்று யோசுவா 4 சொல்கிறது, நோட்டும் அதற்காகத்தான். ஒவ்வொரு பக்கத்துக்கும் சங்கீதம் 136-இல் வருவதுபோல, “அவர் கிருபை என்றுமுள்ளது” என்று சேர்ந்து சொல்கிறோம். அந்தச் சங்கீதத்தில் இருபத்தாறு முறை அது வருகிறது. பிள்ளைகளுக்குச் சலிக்குமோ என்று பயந்தேன், அவர்களுக்கு அதுதான் மிகவும் பிடித்திருக்கிறது. வாசிக்கும்போது கையெழுத்தையோ எழுத்துப் பிழையையோ திருத்தாதீர்கள். விடுபட்ட வாரங்களைச் சுட்டிக்காட்டவும் வேண்டாம்.

வாசித்து முடிந்ததும் பழைய நோட்டை வேதாகமத்தோடு வைக்காமல், தண்ணீர் படாத இடத்தில், ஞானஸ்நானச் சான்றிதழ்கள் இருக்கும் கோப்பில் வையுங்கள். புதிய நோட்டின் முதல் பக்கத்தில் ஆண்டையும், ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் தேதியையும் எழுதிவிடுங்கள். நாங்கள் முதல் நோட்டில் எழுதவில்லை. ஆயாவைப் பார்க்கப் போனது பென்சில் பெட்டி வந்த ஆண்டா, அடுத்த ஆண்டா என்று எனக்கும் மகனுக்கும் இன்னும் வழக்கு நடக்கிறது.